முந்நீர்த் துண்டியல்: சாய்வு நாற்காலி பிடித்தல் குறித்து ஓர் ஆய்வு

கரை கண்ணுக்குத் தெரியாத கடல். கப்பலின் மேல்தளத்தில், நீச்சல் குளத்தை ஒட்டிப் போட்டிருக்கும் சாய்வு நாற்காலியின்மேல் ஆளில்லாமல் ஒரு துண்டு கிடக்கிறது. அந்த நாற்காலியில் ஆள் இருப்பதாகக் கொள்வதா, இல்லை என்று கொள்வதா? இருப்பதாகக் கொண்டால் எத்தனை நாழிகைக்கு? அந்தத் துண்டை எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்காருகிறவன் செய்தது களவா, கரந்தையா? சங்க இலக்கியத்தில் நண்டு வரைக்கும் இறங்கிப் பார்த்துவிட்ட தமிழாய்வுலகம் இந்தக் கேள்விகளை மட்டும் சீந்தாமல் விட்டிருக்கிறது. அந்தக் குறையைப் போக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டு தமிழாசிரியனாகக் காலந்தள்ளியவன் என்பதால் முதலில் தொல்காப்பியத்தைப் புரட்டினேன். துண்டு பற்றி ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டது வேறு. கடல்வழிப் பயணம் பெண்ணோடு கூடாது என்று அகத்திணையியலில் ஒரு விதி இருக்கிறது. ஏன் கூடாது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நாற்காலித் தட்டுப்பாடுதான் காரணம் என்பது என் துணிபு. ஒருவனுக்கு ஒன்று பிடிப்பதே பெரும்பாடு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வேண்டும் என்றால் தொல்காப்பியர்தான் என்ன செய்வார்? இந்த நுட்பத்தை என் மனைவியிடம் விளக்கினேன். "டிக்கெட் எடுத்தது நம்ம பையனா, தொல்காப்பியரா?" என்று கேட்டாள். விதிவிலக்கு அளிக்கப்பட்டு இருவரும் கிளம்பினோம்.

ஆய்வுக் களம்

மகன் சிங்கப்பூரில் வேலையாயிருக்கிறான். 2012-இல் திறந்த மெரினா பே கப்பல் முனையத்தில் ஏற்றிக்கொள்கிறார்கள். மறுநாள் பினாங்கு. அதற்கடுத்த நாள் முழுவதும் எங்கும் நிற்காமல் மலாக்கா நீரிணையில் மிதக்கவிட்டு, நாலாம் நாள் காலை ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். இடையிலே வரும் அந்த மூன்றாம் நாளுக்குக் கப்பல்காரர்கள் வைத்திருக்கும் பேர் 'கடல் நாள்'. கப்பலில் மற்ற நாளெல்லாம் என்ன நாள் என்று கேட்கத் தோன்றும். கேட்கக் கூடாது.

கேபின் தொலைக்காட்சியில் ஓர் அலைவரிசை கப்பலின் வேகத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தது: 11 நாட். ஒரு நாட் என்றால் மணிக்கு 1,852 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம். மாயவரத்திலிருந்து கும்பகோணம் போகிற பஸ் குத்தாலம் கடைத்தெருவில் மட்டும்தான் இவ்வளவு மெதுவாகப் போகும். பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். கப்பலுக்கு ஒரு பகலும் இரண்டு இரவும். சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டால் கொடுத்த காசுக்கு நஷ்டம் என்று பயணிகளும் நினைக்கிற ஒரே வாகனம் உலகத்தில் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

களத்துக்குப் பழமை உண்டு. 1025-ஐ ஒட்டி இராசேந்திர சோழனின் படை கடாரத்தை நோக்கிப் போனது இந்தப் பக்கம்தான். பினாங்கில் நின்ற கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால், எதிரே கெடா கரையில் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை மங்கலாகத் தெரிந்தது. அந்தக் காலத்து மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வென்ற ஊர்களை ஒன்றுவிடாமல் வரிசைப்படுத்துகிறது. வழியில் யார் எங்கே உட்கார்ந்து போனார்கள் என்பதைச் சொல்லவில்லை. வரலாறு எழுதுகிறவர்களுக்கு முக்கியமானது எது என்று என்றைக்கும் தெரிந்ததில்லை.

முன்னோர் முடிபுகள்

இன்பத்துக்காக மட்டுமே கப்பலேறுவது பழைய வழக்கமில்லை. 1844-இல் பி அண்ட் ஓ கம்பெனி ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவச டிக்கெட் கொடுத்து மத்தியதரைக் கடலைச் சுற்றிவரச் செய்தது. அவர் 1846-இல் அதைப் புத்தகமாகப் போட்டார். ஓசிப் பயணம் போய்க் கட்டுரை எழுதும் மரபுக்கு அவரே என் ஆசான். 1891 ஜனவரி 22 அன்று, ஹாம்பர்க்–அமெரிக்கா கம்பெனியின் ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக்கில் ஆள் வராமல் சும்மா கிடந்த 'அகுஸ்டா விக்டோரியா' கப்பலில் 241 பேரை ஏற்றி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். சும்மா இருப்பதைச் சைவர்கள் யோகமாக வைத்தார்கள். பாலின் அதற்கு டிக்கெட் போட்டார்.

இனி நாற்காலிக்கு வருவோம். பழைய பயணிக் கப்பல்களில் சாய்வு நாற்காலி இலவசம் கிடையாது. ஏறினதும் மேல்தளப் பணியாளரைப் பார்த்து வாடகை கட்டினால் பயணம் முடியும்வரை ஒரு நாற்காலி உங்களுடையது. உங்கள் பேர் எழுதின அட்டையை அதில் செருகிவிடுவார்கள். இன்னாருக்கு வெயில் பக்கம், இன்னாருக்குக் காற்று மறைவு என்பதெல்லாம் பணியாளரின் கையில் என்ன வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கிலும் இந்த ஏற்பாடுதான். அதிலிருந்து மிதந்துவந்த நாற்காலி ஒன்று கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் உற்றுப் பார்த்தேன். துண்டு இல்லை.

பிற்காலத்து உல்லாசக் கப்பல்களில் வாடகையை எடுத்தார்கள். கூடவே அட்டையையும் எடுத்துவிட்டார்கள். நாற்காலி எல்லாருக்கும் பொது ஆயிற்று. அட்டை இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அங்கேதான் துண்டு வந்து விழுந்தது. இது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

நம்மவர்களும் சளைத்தவர்களில்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் கிள்ளான், சிங்கப்பூர் என்று 1926 முதல் 1973 வரை எஸ்.எஸ். ராஜுலா கப்பல் போய்வந்தது. ஆயிரக்கணக்கில் ஏறியவர்கள் டெக் பயணிகள். கேபின் இல்லை, தளத்தில் பாய் விரித்த இடமே வீடு. என் பெரியப்பா அதில் போனவர். நாகையில் பெரிய கப்பல் கரையை அண்டாது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். அவர் மூச்சிரைக்க மேலே ஏறிப் பார்க்கையில், சென்னையில் ஏறினவர்கள் காற்றோட்டமான இடத்திலெல்லாம் ஜமுக்காளம் விரித்து, சீட்டாடிக்கொண்டிருப்பார்களாம். நாகைக்காரனுக்கு மிஞ்சினது கழிப்பறை ஓரம். இரண்டாவது பயணத்தில் பெரியப்பா தெளிந்துவிட்டார். பாய் விரித்து நாலு மூலையிலும் நாலு ஊறுகாய் ஜாடி வைத்தார். "ஜாடியைத் தாண்டி எவனும் கால் வைக்க மாட்டான்டா. ஒடஞ்சா பாயெல்லாம் எண்ணெய். அந்த பயம் போதும்" என்பார். எல்லைக்கல் நடுதல் பற்றி நான் படித்த நூல்களில் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதவில்லை.

சொல்லாராய்ச்சி

துண்டு என்ற சொல் தமிழில் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் தலை சுற்றும். வரவுக்கு மேல் செலவு போனால் துண்டு விழுகிறது. கூட்டணியில் தொகுதி கேட்கிற கட்சி அதற்குத் துண்டு போட்டு வைக்கிறது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். நொடித்துப் போனவன் தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறான். தோளில் துண்டு போடக் கூடாது என்று ஒரு பகுதி மக்களைத் தடுத்துவைத்திருந்த ஊர்களும் இங்கே இருந்தன. தோளில் துண்டு போட்டு நடப்பதையே சுயமரியாதைக்காரர்கள் போராட்டமாகச் செய்தார்கள். அந்தத் துண்டை நான் இங்கே விளையாட்டுக்கு எடுக்கவில்லை. நம் ஆய்வுக்குரியது பஸ் ஜன்னல் வழியாக உள்ளே பறக்கிற துண்டு.

மாயவரம் பஸ் நிலையத்தில் தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வண்டி இன்னும் நிற்கவில்லை. கூடவே ஓடி, எம்பி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசுகிறார்கள். துண்டு இல்லாதவன் கைக்குட்டை. அதுவும் இல்லாதவன் டிபன் பை, தினசரி, செருப்பு. ஒரு தடவை கைக்குழந்தையையே ஜன்னல் வழியாக நீட்டி, உள்ளே இருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாள் வாங்கி இருக்கையில் வைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். படிக்கட்டில் நசுங்கி ஏறிவந்து துண்டைக் கண்டதும் மற்றவன் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துவிடுவான். மல்லுக்கட்டுபவனிடம் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு வாக்கியம் சொல்வார்: "ஆள் வருது."

இந்த இரண்டு சொல் வாக்கியம் இலக்கணத்துக்கு ஒரு சுரங்கம். 'ஆள்' உயர்திணை, 'வருது' அஃறிணை முடிபு. திணை வழு. ஆயினும் வழு என்று தள்ள முடியாது, ஏனென்றால் அந்தக் கணத்தில் இருக்கையில் இருப்பது அஃறிணைப் பொருள்தான். அடுத்து, வரப்போகிற ஆளுக்கு நிகழ்காலம். இதுவும் வழுவமைதி. காலம் மாறி வருவதற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நன்னூல் நாலு காரணம் சொல்லும். பஸ் நிலையத்தில் ஐந்தாவதாக ஒரு காரணமும் உண்டு: பொய். பல நேரம் எந்த ஆளும் வருவதில்லை; பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு தாராளமாக உட்கார ஆசை.

இன்னும் ஒன்று. 'அடுப்பிலிருந்து பாலை இறக்கு' என்றால் பாத்திரத்தை இறக்குகிறோம். உள்ளே இருப்பதன் பேர் அதைத் தாங்குவதற்கு ஆகிவருவதால் இது தானியாகுபெயர். கப்பல் மேல்தளத்தில் என் மனைவி ஒரு நாற்காலியைக் காட்டி, "அது நம்ம துண்டுங்க" என்றபோது அவள் உரிமை கொண்டாடியது நாற்காலியை. இலக்கணப்படி பிழையில்லை. பிறகு நடந்ததற்கு நன்னூல் எழுதிய பவணந்தியார் பொறுப்பில்லை.

சிங்கப்பூர்க்காரர்களிடம் துண்டின் வேலையை டிஷ்யூ பொட்டலம் செய்கிறது. உணவங்காடியில் சாப்பாடு வாங்க வரிசையில் போய் நிற்பதற்கு முன், மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். அது இருக்கும்வரை அந்த மேசையை எவரும் தொடுவதில்லை. இதற்கு அங்கே 'சோப்' பண்ணுவது என்று பேர். முத்திரை குத்துவது என்ற பொருளிலிருந்து வந்த சொல் என்பார்கள். நம்மூர்ப் பத்திர அலுவலகங்களில் புழங்கிய 'சாப்பா' என்ற சொல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்த ஊர் உணவங்காடிப் பண்பாட்டை 2020-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பொட்டலத்துக்கும் ஒரு பட்டயம் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

பஸ் துண்டுக்கும் சிங்கப்பூர்ப் பொட்டலத்துக்கும் பொதுவான ஓர் அம்சம், இரண்டுக்கும் ஆயுள் குறைவு. ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும் இடையே உள்ள நேரம்தான் துண்டின் ஆட்சி. சிக்கன் ரைஸ் வந்து சேர்கிற வரைக்கும்தான் பொட்டலத்தின் ஆட்சி. கப்பலில் மட்டும் இருட்டோடு போட்ட துண்டு அந்தி சாய்கிற வரைக்கும் ஆள்கிறது. இது இரண்டாம் கண்டுபிடிப்பு.

தரவு

அந்தப் பகுதியில் ஏழு மணிக்குத்தான் விடியும். கடிகாரத்தை அப்படித் திருகி வைத்திருக்கிறார்கள். எனக்கு எந்த நாட்டு நேரமானாலும் ஐந்தரைக்கு முழிப்புத் தட்டிவிடும். சூரியோதயம் பார்க்கலாம் என்று மேல்தளத்துக்கு ஏறினேன். குளத்தின்மேல் வலை போட்டுக் கட்டியிருந்தது. இரண்டு பணியாளர்கள் குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். குளோரின் நெடி. ஈரத் தரையில் விளக்கு வெளிச்சம் வழுக்கிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் ஒரே அளவாகச் சாய்த்து, வரிசை பிசகாமல், வகுப்புத் தொடங்குவதற்கு முந்தைய பெஞ்சுகள்போல் நின்றன.

அப்போது அவர் வந்தார். எழுபது வயதிருக்கும். கட்டம் போட்ட அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, கை நிறையத் துண்டுகள். அவசரம் துளியும் இல்லை. முதல் நாற்காலிக்குப் போய்த் துண்டை உதறினார். தலைமாட்டில் ஒரு மடிப்பு விட்டார். கால்மாட்டை இழுத்து நீவினார். கிளி உருவத்தில் இரண்டு பிளாஸ்டிக் கிளிப்புகளை எடுத்து இரு பக்கமும் மாட்டினார். நடுவில் ஒரு டிஷ்யூ பொட்டலம் வைத்தார். ஓர் அடி பின்னால் நகர்ந்து, நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு இரண்டாவது. இப்படி ஆறு நாற்காலி. நிறுத்தி நிதானமாக அபிஷேகத்துக்கு ஏற்பாடு செய்கிற குருக்களைப் பார்த்ததுபோல் இருந்தது. முடித்ததும் என்னைப் பார்த்து "குட் மார்னிங்" என்றார். கீழே இறங்கிப் போய்விட்டார். தூங்கத்தான்.

துண்டும் பொட்டலமும் ஒரே நாற்காலியில் சேர்ந்ததை நான் அங்கேதான் பார்த்தேன். இரண்டு நாகரிகங்களின் சங்கமம்.

ஏழு மணிக்குத் துண்டு கொடுக்கும் மேடை திறந்தது. கேபின் அட்டையைக் காட்டினால் ஆளுக்கொரு நீலக் கோடு போட்ட துண்டு தருவார்கள்; கணக்கில் ஏற்றிக்கொள்வார்கள். திருப்பித் தராவிட்டால் துண்டு ஒன்றுக்கு 25 டாலர். அப்படியானால் ஐந்தரை மணிக்கு அந்தப் பெரியவருக்கு ஆறு துண்டு எங்கிருந்து வந்தது? முதல் நாளே வாங்கிப் பதுக்கியிருக்க வேண்டும். விதைநெல் எடுத்துவைக்கிற புத்தி.

இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு மனைவியோடு சுற்றினேன். மதுக்கடையைத் தாண்டி, ஒலிபெருக்கிக்குக் கீழே இரண்டு நாற்காலி காலியாயிருந்தன. ராஜுலாவில் பெரியப்பாவுக்குக் கிடைத்த இடத்துக்கு நிகரானவை. விரித்தோம். கிளிப் இல்லாததால் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டை ஒன்றிலும் அவளுடைய மணிபர்ஸை மற்றொன்றிலும் வைக்கப் போனேன். மணிபர்ஸை அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள். பஃபேயில் பொங்கல் இருந்தது. பொங்கல் என்று சீட்டு எழுதி வைத்திருந்தார்கள் என்று சொல்வதே சரி.

திரும்பி வந்தபோது மணி பத்து. எங்கள் நாற்காலிகளில் வேறு துண்டுகள் கிடந்தன. எங்கள் துண்டுகள் இல்லை. கண்ணாடிக் கூடு மட்டும் பக்கத்து மேசையில் மரியாதையாக வைக்கப்பட்டிருந்தது.

தேடுகிற சாக்கில் கணக்கெடுத்தேன். குளத்தை ஒட்டிய முதல் வரிசையில் நாற்காலி 18. துண்டு கிடந்தவை 16. ஆள் இருந்தவை 3. துண்டில்லாத இரண்டில் ஒன்று உடைசல். இன்னொன்றில் உட்காரலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஓர் ஆஸ்திரேலிய அம்மாள் உட்கார்ந்துவிட்டார். ஆளில்லாத துண்டுகளுக்குத் துணையாகக் கிடந்த பொருள்களில் முதலிடம் புத்தகத்துக்கு. ஒரு தடித்த நாவல் 12-ஆம் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கும் அது 12-ஆம் பக்கத்தில்தான் இருந்தது. எனக்குப் பிடித்தது ஒற்றைச் செருப்பு. ஜோடியாக வைத்தால் எவனாவது போட்டுக்கொண்டு போய்விடுவான்; ஒற்றையை எவன் எடுப்பான்? ஆனால் வைத்தவன் கப்பல் முழுக்க ஒற்றைச் செருப்போடு நடந்துகொண்டிருக்க வேண்டும். இடப்பற்று மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

திணைப் பகுப்பு

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல்; உரிப்பொருள் இரங்கல். இதுவரை இரங்கலுக்குப் பொருள் சொன்ன உரைகாரர்கள் யாரும் சாய்வு நாற்காலி கிடைக்காதவனை நேரில் கண்டிருக்க மாட்டார்கள். கையில் தட்டோடு, தோளில் ஈரத்தோடு, வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு துண்டையும் ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு போகிறவனிடம் உள்ளது இரங்கலின் கலப்பற்ற வடிவம். சிறுபொழுது மட்டும் பொருந்தவில்லை. நெய்தலுக்கு எற்பாடு என்பார்கள். கப்பலில் காலை பத்து மணி.

அகத்திணை இத்தோடு முடிகிறது. மற்றதெல்லாம் புறம். இருட்டோடு போய் ஆளில்லாத நாற்காலிகளைக் கவர்ந்துகொள்வது வெட்சி. கவர்ந்ததை மீட்பது கரந்தை. இது அரிதாகவே நிகழ்ந்தது. துண்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத மதில் கட்டிக் காப்பது நொச்சி. அந்த மதிலை உடைக்கிற உழிஞைத் திணையைக் கப்பல் நிர்வாகம் தன் கையில் வைத்திருக்கிறது. 30 நிமிடத்துக்குமேல் ஆளில்லாத பொருள்கள் அகற்றப்படும் என்று பலகை மாட்டியிருந்தது. பணியாளர் ஒருவர் ஒட்டுச் சீட்டுக் கட்டோடு வருவார். ஆளில்லாத துண்டில் நேரத்தை எழுதி ஒட்டுவார். அரை மணி கழித்து வந்து, சீட்டு அப்படியே இருந்தால் துண்டைச் சுருட்டி எடுத்துப் போவார்.

சட்டம் நல்ல சட்டம். பெரியவரின் ஆறு நாற்காலிக்கும் சீட்டு ஒட்டப்பட்டதைக் கண்டு நான் பக்கத்திலேயே காத்திருந்தேன். இருபத்தைந்தாவது நிமிடத்தில் பத்து வயசுப் பேரன் ஒருவன் குளத்திலிருந்து சொட்டச் சொட்ட ஏறிவந்தான். ஆறு சீட்டையும் பிய்த்தான். கசக்கினான். மறுபடி தொபுக்கென்று குதித்துவிட்டான். கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. தாலுகா அலுவலகத்தில் கால நீட்டிப்பு வாங்க நான் அலைந்த அலைச்சல் நினைவுக்கு வந்தது. இந்தப் பையனை அழைத்துப் போயிருக்கலாம்.

இடமில்லாததால் கைப்பிடிக் கம்பியோரம் போய் நின்றேன். அங்கே நின்றுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 18 நாற்காலியும் குளத்தைப் பார்த்துப் போட்டிருந்தன, கடலுக்கு முதுகு. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் மூன்றும் சேர்வதால் கடலுக்கு முந்நீர் என்று பேர் சொல்வார்கள். இத்தனை நீரையும் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, இத்தனை பேர் போராடிக்கொண்டிருந்தது நாலாவது நீருக்கு, இடுப்பளவு குளோரின் தண்ணீருக்கு. எதிரே நீரிணையில் எண்ணெய்க் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. சுமையில்லாத கப்பல் ஒன்று சிவப்பு அடிவயிறு தெரிய உயர்ந்து மிதந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் சின்னஞ்சிறு மீன்பிடிப் படகு. அதில் ஒருவன் நின்றுகொண்டே எதையோ சாப்பிட்டான். நான் கை ஆட்டினேன். அவன் கவனிக்கவில்லை. சூரியோதயம் பார்க்க வந்தவன் அதையும் காலையில் கோட்டைவிட்டிருந்தேன், பெரியவரைப் பார்த்துக்கொண்டு நின்றதில்.

மாறுபட்ட சான்று

முதல் நாள் இரவு எங்கள் கேபினைத் துப்புரவு செய்த தம்பி வெள்ளைத் துண்டுகளை மடித்துச் சுருட்டி, தும்பிக்கையும் காதுமாக ஒரு யானை செய்து படுக்கைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். இந்தக் கப்பல்களில் இது வழக்கம். ஒரு நாள் அன்னம், ஒரு நாள் குரங்கு. என் மனைவி அந்த யானையைப் பிரிக்க விடவில்லை. "பாவங்க, மெனக்கெட்டு செஞ்சிருக்கான்" என்று மேசைக்கு இடம் மாற்றி, இரவு அதற்கு முகம் துடைத்துவிடாத குறை.

பத்தரை மணிக்கு அவள் கீழே போனாள். திரும்பி வந்தபோது கையில் யானை. அதே நேரம் பணியாளர் ஒரு நாற்காலியிலிருந்து கெடு முடிந்த துண்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சீட்டுப் பிய்க்கப் பேரன் இல்லாத குடும்பம் போலிருக்கிறது. அவர் நகர்வதற்கும் இவள் யானையை உட்கார்த்துவதற்கும் இடைவெளி இல்லை. தன் கறுப்புக் கண்ணாடியையும் அதற்கு மாட்டிவிட்டாள். "வாங்க, சாப்பிட்டு வருவோம்."

"அரை மணியில எடுத்துடுவாங்க."

"யானையை எவன் எடுப்பான்?"

ஆய்வாளன் என்ற முறையில் நான் சாப்பிடப் போகாமல் கம்பியோரமே நின்று கவனித்தேன். பதினொன்றரைக்குச் சீட்டுக்காரர் வந்தார். ஃபிலிப்பைன்ஸ் இளைஞர். இடப்பக்கத்து நாற்காலிக்கு ஒரு சீட்டு. யானைக்கு முன் நின்றார். கையில் பேனா. ஒரு நிமிடம் பார்த்தார். தும்பிக்கை கொஞ்சம் சரிந்திருந்தது; குனிந்து அதை நிமிர்த்தி வைத்தார். வலப்பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டார். அவரோடு வேலை பார்க்கிறவனின் கைவேலை அது. அதைச் சுருட்ட மனம் வரவில்லையோ, அல்லது கண்ணாடி போட்டிருப்பதை ஆள் என்றே கொண்டாரோ. ஆகுபெயர் இவ்வளவு தூரம் வரும் என்று நான் வகுப்பில் சொன்னதில்லை. பன்னிரண்டரைக்கு இரண்டாம் சுற்றிலும் அப்படியே. நடுவில் பெரியவர் எழுந்துவந்தார். தன் ஆறு நாற்காலியையும் எண்ணிப் பார்த்தார். யானையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தன் தொழிலில் தன்னை விஞ்சியவரைக் கண்ட மரியாதை அதில் இருந்தது.

சாயங்காலம் வரை அந்த நாற்காலி எங்களுடையதாக இருந்தது. எங்களுடையது என்றால் அவளுடையது. அவள் யானையை மடியில் வைத்துக்கொண்டு படுத்துத் தூங்கினாள். கால்மாட்டில் ஒட்டிக்கொள்ள எனக்கு ஒரு சாண் கிடைத்தது. வெயிலுக்கு மறைவாகத் தலையில் போட்டுக்கொள்ளக் கையில் துண்டுகூட இல்லை.

கரையிறங்கின அன்று இரவு மகன் கைப்பேசியில் கணக்குப் பார்த்தான்.

"அப்பா, துண்டு ரெண்டும் திருப்பித் தரலையா? 50 டாலர் ஏத்தியிருக்கான்."

பத்திரமாக இருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்துக் காட்டி நடந்ததை விளக்கத் தொடங்கினேன். வெட்சி வரைக்கும் வந்திருப்பேன், அவன் கேட்கவில்லை. பட்ஜெட்டில் துண்டு விழுந்த கதையை நான் நினைத்துக்கொண்டிருக்கையில், பெட்டியை மூடிக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலே கேட்டாள்:

"யானைக்குன்னு தனியா ஒண்ணும் போடலைல்ல?"

"எந்த யானை?" என்றான் மகன்.

அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தாள்.